பங்கஜாட்சியின் இடத்தில் தாமோதரன்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், திரையில் இருந்த ஒரு போட்டோவின் மேல் மவுஸை வைத்து வலது பொத்தானை அமுக்கிய வினயா, சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"சேச்சி, இதுல யார் யாரோட பேரோ வருது."

"வரும். பயப்படாதே, கடிக்காது" என்றாள் புஷ்கலா. அவள் ஒருவருடைய ஆதார் அட்டையை ஸ்கேனரில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அச்சுதன் மாஷ்னு இருக்கே, அது யாரு?"

"தனித்தனியா கிடக்கிற பக்கத்தையெல்லாம் சேர்த்துக் கட்டிக் குடுக்கிறவர்."

"குஞ்ஞாமினா?"

"படுத்துக் கிடக்கிற படத்தை எழுப்பி உக்கார வெப்பா."

"சாக்கோ?"

"ஆளுக்குப் பின்னாடி இருக்கிற சுவத்துக்கு வெள்ளையடிப்பார்."

"தாமோதரன்?"

"அந்தாளுகிட்டப் போகாதே. அவர் அவருக்கு மட்டுந்தான். அவருக்குக் கீழே பங்கஜாட்சி இருக்கா பாரு, அவதான் இந்தக் கடைக்குச் சோறு போடுறவ. படத்தை முப்பது கேபிக்குள்ள சுருக்கி, அடியில பேரும் தேதியும் போட்டுக் குடுத்துடுவா."

"இவங்கெல்லாம் நிஜமான ஆளுங்களா சேச்சி?"

ஆதார் அட்டைக்குச் சொந்தக்காரர் முன்னால் சாய்ந்து திரையை எட்டிப் பார்த்தார். "நான்தான் மோளே சாக்கோ. அஞ்சு வருஷமா இந்தக் கடையில வெள்ளையடிக்கிறேன். இதுவரைக்கும் ஒரு சாயா கிடைச்சதில்லை."

"முதல்ல மாட்டுத் தொழுவத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறதை நிறுத்துங்க சாக்கோ சேட்டா" என்றாள் புஷ்கலா. "அப்புறம் சாயா வரும்."

வினயா சிரிக்கவில்லை. அவள் எதற்கும் உடனே சிரிக்கிறவள் அல்ல. ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், சுவருக்கு வெள்ளையடிக்கும் சாக்கோ நினைவுக்கு வந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குளப்புள்ளி ஜங்ஷனில் மருந்துக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே, இரண்டு கணினிகளும் ஒரு பிரிண்டரும் ஐந்து நாற்காலிகளுமாக, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் அந்தக் கடையில், வினயாவுக்கு முன்னால் யாரும் வேலைக்கு இருந்ததில்லை. புஷ்கலாவே எல்லாம். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் அவள் ஹைஸ்கூல் கம்ப்யூட்டர் லேபில் தினக்கூலிக்கு இருந்தாள். காலையில் பூட்டைத் திறப்பது, திரைகளைத் துடைப்பது, செருப்போடு உள்ளே வரும் பிள்ளைகளை விரட்டுவது, மாலையில் பூட்டுவது. கோடை விடுமுறையில் வாத்தியார்களுக்குப் பயிற்சி நடக்கும். சாவி அவள் கையில் என்பதால் அவளும் கதவோரம் நின்றாக வேண்டும்.

அப்படி ஒரு மத்தியானம், பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு வித்தை காட்டினார். இரண்டு வரி எழுதி ஒரு கோப்பாக்கி, குறிப்பிட்ட ஒரு ஃபோல்டருக்குள் அதைப் போட்டார். போட்டதும், எந்தப் படத்தின் மேல் வலது பொத்தானை அமுக்கினாலும் வரும் பட்டியலில் அந்தக் கோப்பின் பெயரும் பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல உட்கார்ந்துகொண்டது. பெயரைத் தொட்டால் போதும், எழுதிய வேலை நடந்துவிடும். வாத்தியார்கள் நோட்டில் குறித்துக்கொண்டு மறந்துபோனார்கள். புஷ்கலாவிடம் நோட்டு இல்லை. அவள் மறக்கவில்லை. லேபுக்கு நிரந்தர ஆள் வந்த அன்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவள், அடுத்த மாதமே கடையைத் திறந்தாள்.

பெயர் வைத்த கதை வேறு. முதலில் அவள் 'சின்னப் படம்' என்றுதான் வைத்தாள். பிறகு அதைவிடச் சின்னதாக ஒன்று கேட்டார்கள். அதற்குப் பிறகு இன்னும் சின்னதாக ஒன்று. மூன்றும் பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்று அவளைக் குழப்பின. கடைக்கு வருகிறவர்களோ அளவு சொல்லிக் கேட்பதே இல்லை. "பங்கஜாட்சிக்கு அன்னிக்குச் செஞ்சு குடுத்தியே, அதே மாதிரி எனக்கும்" என்பார்கள். யாருக்காக ஒரு வேலையை முதலில் செய்தாளோ அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டாள். அதோடு குழப்பம் தீர்ந்தது. ஊரிலும் விஷயம் பரவி, பட்டியலில் இருக்கிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள். இல்லாதவர்கள், தங்களுக்கென்று இதுவரை யாருக்கும் வராத ஒரு சிக்கலை எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்தார்கள்.

தாமோதரன் யோசிக்கவே இல்லை. அவருடைய வலது கன்னத்தில் மச்சம். சான்றிதழிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அவர் தன் போனில் தானே எடுத்துக்கொண்டு வந்த படத்தில் மச்சம் இடது கன்னத்துக்குப் போயிருந்தது. சில போன்கள் அப்படித்தான், கண்ணாடிபோல இடத்தை வலமாக்கிவிடும்.

"முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேல இருந்தேன், ஒரு வண்டியை நான் தப்பான தண்டவாளத்துல விட்டதில்லை" என்று மேசையைத் தட்டினார் அவர். "என் மச்சத்தை இடம் மாத்த உன் கம்ப்யூட்டருக்கு யார் அதிகாரம் தந்தது?"

புஷ்கலா பங்கஜாட்சியின் கோப்பைப் பிரதி எடுத்து, படத்தை இடவலமாகத் திருப்பும் ஒரு வரியை அதில் கூடுதலாகச் சேர்த்து, தாமோதரன் என்று பெயரிட்டாள். மச்சம் வீடு திரும்பியது.

வினயா வந்து ஆறு மாதத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தாள். புஷ்கலா அந்தப் பட்டியலைப் படிப்பதே இல்லை. வலது பொத்தானை அமுக்குவாள், மணிக்கட்டை இவ்வளவு என்று கீழே இறக்குவாள், அமுக்குவாள். கண் அந்த நேரம் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் இருக்கும், வாய் அவர் வீட்டு விசேஷத்தை விசாரித்துக்கொண்டிருக்கும். சமையலறையில் உப்பு டப்பாவுக்குப் போகும் கைபோலத்தான். வினயா ஒவ்வொரு முறையும் பெயரைப் படித்துத்தான் தொடுவாள். அவள் வேகம் பாதிகூட இல்லை.

செப்டம்பரில் கமலம் என்ற ஆசிரியை வந்தார். அடையாள அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் வரவேண்டும் என்றார். எட்டுப் படி தாண்டிச் செய்கிற வேலை. அன்று சாயங்காலம் புஷ்கலா வங்கிக்குப் போயிருந்தபோது, வினயா முதல் முறையாகத் தானே ஒரு கோப்பு எழுதினாள். நான்கு தடவை தப்பாகி, ஐந்தாவது தடவை வந்தது. கடையின் வழக்கப்படி 'கமலம்' என்று பெயர் வைத்து இரண்டு கணினிகளிலும் போட்டாள். பெயர்கள் அகர வரிசையில் தாமாகவே அடுக்கிக்கொள்ளும் என்பதால் கமலம் அச்சுதன் மாஷுக்கும் குஞ்ஞாமினாவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

புஷ்கலா வந்ததும் சொல்லியிருக்கலாம். 'நான் ஒண்ணு செஞ்சிருக்கேன் பாருங்க' என்று சொல்வது வினயாவுக்கு வராத வாக்கியம். சேச்சியே நாளைக்குப் பார்ப்பாள், பார்த்து ஏதாவது சொல்வாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணியோடு முடிந்துவிடும். ஒன்பதரைக்கே ஐந்து நாற்காலிகளும் நிறைந்து, வரிசை பேக்கரி வரை நீண்டது. சான்றிதழ்களை ஸ்கேன் செய்வது வினயாவின் வேலை. படமும் கையெழுத்தும் ஏற்றி அனுப்புவது புஷ்கலா. அவள் கை பறந்தது. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, மூன்று மணிக்குள் இருபத்துமூன்று பேரை அனுப்பி முடித்து, நாற்காலியில் சாய்ந்தாள்.

மூன்றேகாலுக்கு ருக்மிணி திரும்பி வந்தாள். பன்னிரண்டு மணிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் போனவள். கையில் அச்சுப் பிரதி.

"புஷ்கலே, நான் எப்போ சேட்டு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டேன்?"

"என்னடீ சொல்றே?"

"என் சேலைத் தலைப்பைப் பாரு. வலது தோள்ல கிடக்கு. கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷம், இந்தத் தோளைத் தவிர வேற தோள்ல நான் போட்டதே இல்லை. என் மாமியார் பார்த்துட்டு, யார்றா இந்தக் குஜராத்திக்காரின்னு கேக்கறாங்க."

புஷ்கலா பிரதியை வாங்கிப் பார்த்தாள். முகம் சரி. பெயர் சரி, தேதி சரி. தலைப்பு வலது தோளில். அவள் திரும்பி, காலையிலிருந்து அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாப் பெண்களுக்கும் தலைப்பு வலது தோளில். எல்லா ஆண்களுக்கும் சட்டைப்பை வலது மார்பில். ஒருவரும் கவனிக்கவில்லை. தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தானே அவரவர்க்கு.

"தாமோதரன்" என்றாள் புஷ்கலா மெல்ல. "எல்லாருக்கும் நான் தாமோதரனை அமுக்கியிருக்கேன்."

"அதனால என்ன? ஆள் நான்தானே?" என்றாள் ருக்மிணி.

புஷ்கலா வேலை அறிவிப்பின் நான்காம் பக்கத்தை எடுத்து நீட்டினாள். அங்க அடையாளம் படத்தோடு பொருந்தாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. ருக்மிணியின் அடையாளம் முழங்கையில், படத்தில் தெரியாது. ஆனால் காலையில் வந்துபோன, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிந்துகலாவுக்கு இடது புருவத்தில் தழும்பு. அவளுக்கு முப்பத்தொன்பது வயது, அடுத்த வருஷம் விண்ணப்பிக்க முடியாது. மற்றவர்களில் யாருக்கு எங்கே மச்சம் என்று யார் கண்டது?

"முகத்துல அடையாளம் இருக்கிறவங்களுக்கு மட்டும் மாத்தினாப் போதுமில்லையா சேச்சி?" என்று கேட்டாள் வினயா.

"இருபத்துமூணு பேரும் என்னை நம்பி உக்காந்தாங்க. இருபத்துமூணு பேரையும் திருப்பணும். படத்தை நீ போடு. இன்னிக்கு என் கையை நம்பாதே."

வினயா தன் கணினியில் வலது பொத்தானை அமுக்கினாள். பட்டியல் வந்தது. அச்சுதன் மாஷுக்குக் கீழே கமலம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே எல்லாரும் ஒரு படி இறங்கியிருந்தார்கள். நேற்றுவரை பங்கஜாட்சி இருந்த இடத்தில் இன்று தாமோதரன்.

வினயா புஷ்கலாவின் பக்கம் திரும்பினாள். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் புஷ்கலா போனைக் காதில் வைத்துவிட்டாள்.

படத்தை மாற்ற ஒவ்வொருவரின் போனுக்கும் போகும் ஓ.டி.பி. எண் வேண்டும். வந்த மூன்று நிமிஷத்துக்குள் போட்டாக வேண்டும்.

"ஹலோ, ஷிபிலா? புஷ்கலா பேசறேன். இப்போ ஒரு நம்பர் வரும், படிச்சுச் சொல்லு."

"ஓ.டி.பி.யை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போன்ல ஒரு அம்மா தினமும் சொல்லுதே சேச்சி."

"அந்த அம்மாவா உன் அப்ளிகேஷனைப் போட்டா, நானா? சொல்லுடீ!"

அடுத்தவன் சனூப். எம்.காம். படித்துவிட்டுத் தென்னை ஏறுகிறவன். "சேச்சி, மரத்து மேல இருக்கேன். இறங்கிட்டுக் கூப்பிடறேன்."

"இறங்காதே! இறங்கினா நேரம் போயிடும். அங்கேயே பாரு."

"ஒரு கையால பிடிச்சுக்கிட்டு..."

"மரமேறுற மெஷின்லதானே ஏறியிருக்கே? காலை நல்லா ஊனிக்கிட்டுப் படி."

மேலிருந்து ஆறு எண்கள் வந்தன. கூடவே ஒரு தேங்காய் விழும் சத்தமும், கீழே யாரோ வைகிற சத்தமும் வந்தன. புஷ்கலா எண்களைச் சொல்லச் சொல்ல வினயா தட்டினாள். ருக்மிணி தன் வேலை முடிந்தபிறகும் போகாமல், முடிந்தவர்களின் பெயரை அடித்துக்கொண்டே வந்தாள். "பேர் போடற பட்டியல்ல எனக்குத்தான் இடமில்லை, அடிக்கிற பட்டியலையாவது நான் பார்த்துக்கறேன்" என்றாள். ஒருவர் திருச்சூரில் நெரிசலில் நின்ற பஸ்ஸிலிருந்து கத்தினார். ஒருத்தி பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து வாயைத் திறந்தபடியே எண்களைச் சொன்னாள். ஒன்பது எது, ஒன்று எது என்று புரிய மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது.

நாலே முக்காலுக்கு ஒரே பெயர் மிச்சம். பிந்துகலா.

"அடிக்குது, எடுக்க மாட்டேங்கறா" என்றாள் புஷ்கலா. "அந்த ஜவுளிக்கடையில வேலை நேரத்துல போனை வாங்கி கவுண்டர்ல பூட்டிடுவாங்க. நான் போகவா? இல்லை, எனக்கு முழங்கால்..." அவள் வினயாவைப் பார்த்தாள். ருக்மிணியும் பார்த்தாள்.

வினயா எழுந்து ஓடினாள்.

ஜங்ஷனுக்கு அந்தப்புறம் மூன்று மாடிக் கடை. இரண்டாம் மாடியில் பிந்துகலா ஒரு கல்யாண வீட்டாருக்குச் சேலைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் பாபுராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவினார். வேறு வேலைக்கு விண்ணப்பித்தது அவருக்குத் தெரிந்தால் இந்த வேலையும் போகும் என்று பிந்துகலா காலையில் சொல்லியிருந்தாள். வினயா கல்யாண வீட்டாரோடு சேர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்தப் பச்சையைக் காட்டுங்க சேச்சி" என்றாள். பிந்துகலா பச்சையை விரித்து வினயாவின் தோளில் போடக் குனிந்தபோது, காதருகே சொன்னாள்: "உங்க படம் திரும்பிப் போச்சு. உடனே போன் வேணும். ஓ.டி.பி."

பிந்துகலாவின் கை சேலையிலேயே நின்றது. "கீழே கவுண்டர்ல இருக்கு. சார் சொன்னாத்தான் தருவாங்க."

"என்ன அங்கே?" என்று வந்தார் பாபுராஜ்.

வினயா எழுந்தாள். புஷ்கலாவின் கடைக்கு வெளியே, முன்பின் தெரியாத ஆணோடு அவள் கடைசியாக எப்போது பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை. பொய் என்பது அதைவிடப் பழக்கமில்லாதது. தோளில் பச்சைச் சேலை தொங்க, கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"சார், இவங்க வீட்டு வாசல்ல கேஸ் சிலிண்டர்காரர் நிக்கறார். நம்பர் சொன்னாத்தான் இறக்குவேன்கிறார். வண்டி கிளம்பிடும் சார்!"

பாபுராஜின் முகமே மாறிவிட்டது. "அய்யோ, போ, போ! அவன் போனா அப்புறம் எப்போ வருவான்னு சொல்ல முடியாது. போன வாரம் என் வீட்டுல மூணு நாள் விறகு." அவரே மாடிப்படிக்கட்டில் எட்டிப் பார்த்து, "பிந்துகலாவோட போனைக் குடுங்க, சிலிண்டர்!" என்று கீழே கூவினார். கல்யாண வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, "போயிட்டு வா மோளே, சேலை எங்கேயும் போகாது" என்று அனுப்பிவைத்தாள்.

நாலு ஐம்பத்தைந்துக்கு எண் புஷ்கலாவின் காதுக்குப் போயிற்று. இரண்டு நிமிஷம் கழித்து, "தழும்பு சரியான புருவத்துக்கு வந்துடுச்சு" என்று அவள் குரல் வந்தது. பிந்துகலா கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே வினயாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

வினயா திரும்பி வந்தபோது ருக்மிணி போய்விட்டிருந்தாள். மேசைமேல் காகிதத்தில் சூடாகப் பழம்பொரியும் இரண்டு சாயாவும் இருந்தன. புஷ்கலா எதையும் தொடவில்லை. தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளையிலிருந்து படமெல்லாம் நீயே போடு. நான் ஸ்கேன் பண்றேன்" என்றாள். "ஒரு தடவைன்னா தவறிடுச்சுன்னு விடலாம். இருபத்துமூணு தடவை. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. சர்க்கரைக்குப் பதிலா உப்பு."

"இல்லை சேச்சி."

"என்ன இல்லை?"

"உங்க கை தப்புப் பண்ணலை. நான் பண்ணேன்." வினயா நின்றுகொண்டே சொன்னாள், மேசையைப் பார்த்துச் சொன்னாள். "நேத்து நான் புதுசா ஒரு பேர் சேர்த்தேன். கமலம். அது மேலே போய் உக்காந்துச்சு. எல்லாரும் ஒரு படி இறங்கிட்டாங்க. உங்ககிட்டச் சொல்லலை. நீங்களே பார்ப்பீங்கன்னு இருந்தேன்."

புஷ்கலா மவுஸை இழுத்து வலது பொத்தானை அமுக்கினாள். இந்த முறை ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். கமலத்தில் விரல் நின்றது. வினயா திட்டுக்குக் காத்திருந்தாள்.

"அப்போ என் கை சரியான இடத்துக்குத்தான் போயிருக்கு!" என்றாள் புஷ்கலா. "இருபத்துமூணு தடவையும்! ஒரு நூல் இப்படி அப்படிப் போகலை! அந்த நாற்காலியில ஆள்தான் மாறி உக்காந்திருக்கான்!"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பழம்பொரியை எடுத்து ஒரு கடி கடித்து, வாய் நிறைய வைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். பிறகு ஒரு அடையாள அட்டையை எடுத்துக் கமலத்தைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே தாளில் அழகாக இறங்கின. "எடீ, இது எனக்கே வராதே. யார் சொல்லிக் குடுத்தா?" என்றாள். வினயா சாயாவை எடுத்துக்கொண்டாள்.

"சரி, ஊர்ல கேட்டா நான்தான் தப்பா அமுக்கினேன்னு சொல்லிக்கறேன். என்னைக் கிண்டல் பண்ணினா நான் திருப்பிக் குடுப்பேன், நீ குடுக்க மாட்டே. நீ வாயைத் திறக்காதே, அது உனக்குச் சுலபந்தானே" என்றாள் புஷ்கலா. பிறகு சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நாற்காலியை வினயாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் கேட்டாள்:

"மோளே, இனிமே யாரையாவது சேர்க்கணும்னு உனக்குத் தோணிச்சுன்னா, ஹம்சா, ஹரிதாசன், ஹேமாவதி, இந்த மாதிரி ஒருத்தர் கடைக்கு வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கறியா? அவங்கன்னா கடைசியில போய் உக்காருவாங்க, என் கைக்கு ஒண்ணும் தெரியாது."